ஆலை நின்றதும் நின்ற காரணமும்: ஹாட்லி எதிர் பேக்ஸன்டேல் வழக்கின் ஒரு மறுவாசிப்பு

ஒப்பந்தம் மீறப்பட்டால், இயல்பாக விளையும் இழப்புக்கும், ஒப்பந்த வேளையில் தெரிவிக்கப்பட்ட சிறப்புச் சூழலால் விளையும் இழப்புக்கும் மட்டுமே ஈடு உண்டு: ஹாட்லி எதிர் பேக்ஸன்டேல் (1854) வகுத்த இந்த விதியைப் பற்றி இன்று பெரிய சர்ச்சை இல்லை. அந்த விதி அவ்வழக்கின் விவரங்களோடு பொருந்துகிறதா என்பதில்தான் சிக்கல். ஆலையின் உடைந்த சுழல்தண்டைக் கொண்டுசேர்ப்பதில் சரக்கு நிறுவனம் தாமதித்ததால் இழந்த இலாபத்தை ஆலைக்காரர்கள் கேட்ட வழக்கு அது. தீர்ப்புத் திரட்டில் உள்ள வழக்கு விவரத்தின்படி, 1853 மே 13 அன்று ஆலைக்காரர்களின் பணியாள் குளோஸ்டரில் இருந்த சரக்கு அலுவலகத்துக்குச் சென்று, ஆலை நின்றுவிட்டது, சுழல்தண்டை உடனே அனுப்பியாக வேண்டும் என்று எழுத்தரிடம் சொல்லியிருக்கிறார். தீர்ப்பை வழங்கிய நீதிபதி ஆல்டர்சனோ, அனுப்பப்படுவது ஓர் ஆலையின் உடைந்த தண்டு, அனுப்புகிறவர்கள் அந்த ஆலைக்காரர்கள் என்ற இரண்டு செய்திகள் மட்டுமே தெரிவிக்கப்பட்டன என்கிறார்.

இந்த முரணுக்கு இரண்டு விளக்கங்கள் வழங்கிவருகின்றன. விக்டோரியா லாண்டரி வழக்கில் (1949) நீதிபதி ஆஸ்க்வித் எழுதியது முதலாவது: எழுத்தரிடம் சொன்னதாகக் கூறப்பட்ட சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை; ஏற்றிருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும்; ஆகவே திரட்டின் தலைக்குறிப்பு வாசகரைத் தவறான வழியில் இட்டுச்செல்கிறது. பிற்கால ஆய்வாளர் சிலர் முன்வைப்பது இரண்டாவது: எழுத்தருக்குச் செய்தி தெரிந்திருந்தும் சரக்கு நிறுவனம் வென்றது, ஆகவே அறிவு மட்டும் போதாது, இழப்பின் பொறுப்பை ஏற்றுக்கொண்டதும் வேண்டும். எதிரெதிராகத் தோன்றும் இவ்விரு விளக்கங்களும் ஒரே அனுமானத்தின் மேல் நிற்கின்றன. ஆலை நின்றுவிட்டது என்று சொன்னாலே வழக்கின் சிறப்புச் சூழல் முழுவதையும் சொன்னதாகும் என்பதே அது. அந்த அனுமானம் தவறு என்று கருதுகிறேன்.

ஆல்டர்சன் கற்பனையாக எழுப்பும் இரண்டு நிலைமைகளை நிதானமாக வாசிக்க வேண்டும். ஆலைக்காரரிடம் இன்னொரு தண்டு இருந்து, அது ஏற்கெனவே பொருத்தப்பட்டோ அப்போது பொருத்தப்பட்டுக்கொண்டோ இருக்கலாம் என்பது முதலாவது. தண்டை ஒப்படைத்த வேளையில் ஆலையின் இயந்திரம் வேறு வகையிலும் பழுதாகியிருக்கலாம் என்பது இரண்டாவது. மாற்றுத் தண்டைப் பொருத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் ஆலை ஓடாது. வேறு பழுதால் முடங்கிய ஆலையும் ஓடாது. ஓடாத ஆலைக்கும் இசைவான நிலைமைகளையே நீதிபதி எடுத்துக்கொள்கிறார். அப்படியானால் அவர் தேடியது ஆலை நின்ற செய்தியை அல்ல. இந்தத் தண்டு தாமதமானால் ஆலையும் அதே அளவு தாமதமாகும் என்ற காரணத் தொடர்பை.

அந்தத் தொடர்பின் கண்ணி எங்கே இருந்தது? கிரீனிச்சில் இருந்த பொறியாளர்கள் புதிய தண்டு செய்வதற்கு உடைந்த தண்டே மாதிரி. மாதிரி போய்ச் சேராமல் புதியது உருவாகாது. எழுத்தரிடம் சொன்னதாகத் திரட்டு பதிவுசெய்யும் சொற்களில் இது இல்லை. 2 பவுண்டு 4 ஷில்லிங் கட்டணம் பெற்றுக்கொண்டவர், உடைந்த இரும்பு ஒன்று செய்தவரிடமே திரும்பிப் போகிறது என்று எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

இந்த வாசிப்புக்கு வலுவான சான்று இந்தியாவிலிருந்து கிடைக்கிறது. தீர்ப்பு வந்து 18 ஆண்டுகளுக்குப் பின் இயற்றப்பட்ட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவில், (i) எடுத்துக்காட்டு இதே கதையைத் திருப்பிச் சொல்கிறது. ஓர் இயந்திரத்தைத் தாமதமின்றித் தன் ஆலைக்குக் கொண்டுசேர்க்குமாறு சரக்கு ஏற்றிச் செல்பவரிடம் ஒருவர் ஒப்படைக்கிறார். அந்த இயந்திரம் இல்லாததால்தான் ஆலை நின்றிருக்கிறது என்றும் அறிவிக்கிறார். தாமதம் நேர்ந்தால் ஆலையின் சராசரி இலாபம் கிடைக்கும். கைநழுவிய அரசாங்க ஒப்பந்தத்தின் இழப்பு கிடைக்காது. சட்டம் வரைந்தோர் ஆலை நின்ற செய்தியோடு விடவில்லை, நின்ற காரணத்தையும் சேர்த்தார்கள். குளோஸ்டர் எழுத்தரிடம் சொல்லப்படாதது துல்லியமாக இதுதான். வரைந்தோரின் மனத்தில் இருந்ததை உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் வழக்கின் விளிம்பு எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் சரியாகவே கண்டிருக்கிறார்கள்.

தடைகள் உண்டு. இரண்டு செய்திகள் மட்டுமே தெரிவிக்கப்பட்டன என்ற கூற்று என் வாசிப்பையும் நெருக்குகிறது என்பதை மறைக்க முடியாது. ஆனால் ஒப்பந்தம் செய்த வேளையில் தெரிவிக்கப்பட்டவற்றையே ஆல்டர்சன் கணக்கிடுகிறார். ஆலை நின்றதைச் சொன்னது 13ஆம் தேதி. தண்டு ஒப்படைக்கப்பட்டுக் கட்டணம் செலுத்தப்பட்டது மறுநாள். இந்த ஒரு நாள் இடைவெளி முடிவான விடை என்று வாதிடவில்லை; சாட்சியத்தை நீதிமன்றம் நிராகரித்தது என்ற முடிவுக்குத் தாவத் தேவையில்லை என்பதற்கு அது போதும். அவசரத்தைச் சொன்னதிலிருந்தே எழுத்தர் மீதியை ஊகித்திருக்க வேண்டும் என்பார்கள். ஆல்டர்சன் ஏற்க மறுத்த ஊகமே அது. அறிவிப்பைப் பெறும் அதிகாரம் எழுத்தருக்கு இல்லை என்ற வாதத்துக்குத் தீர்ப்பில் இடமே இல்லை.

இதன் விளைவு பழைய ஏடுகளோடு முடிவதில்லை. அக்கிலியஸ் வழக்கில் (2008) வாடகைக்கு எடுத்த கப்பல் தாமதமாகத் திருப்பி ஒப்படைக்கப்பட்டதால், அடுத்த ஒப்பந்தத்தின் நாள் வாடகை 39,500 டாலரிலிருந்து 31,500 டாலராகக் குறைந்தது. அந்த இழப்பு முழுவதையும் உரிமையாளர் கேட்டார். பிரபுக்கள் அவை மறுத்தது. நீதிபதிகளில் ஹாஃப்மன், ஹோப் இருவரும் பொறுப்பேற்பை அடிப்படையாக்கினர். ராட்ஜர் வழக்கமான விதியின் வழியே அதே முடிவுக்கு வந்தார். ஹேல் பொறுப்பேற்பு வாதத்தில் தயக்கத்தைப் பதிவுசெய்தார். பொறுப்பேற்புக் கோட்பாட்டுக்கு வேறு நியாயங்கள் இருக்கலாம். 1868ஆம் ஆண்டின் நெட்டில்ஷிப் தீர்ப்பில் அதற்கு ஓர் ஊற்று உண்டு. ஹாட்லியை மட்டும் அதற்குச் சாட்சியாக அழைக்கக் கூடாது. அறிந்தும் தப்பிய சரக்கு நிறுவனம் ஒன்று அவ்வழக்கில் இல்லை. அறிய வேண்டியதில் பாதியை மட்டுமே அறிந்த நிறுவனம்தான் அங்கே வென்றது. அந்த வெற்றியைக் காட்டி, முழுவதையும் அறிந்து ஒப்பந்தம் செய்தவரைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பது, இழப்பைச் சந்தித்தவருக்குச் செய்யும் அநீதி.