தாடை என்பின் தேய்வு: விதியிலிருந்து நோய்க்கு

கன்னம் குழிந்து, மோவாய் முன்தள்ளி மூக்கை அணுகி நிற்கும் பல்லிழந்த முகத்தை மூப்பின் இயல்பான கோலமாகவே உலகம் நெடுங்காலம் கண்டுவந்தது. ஆயின் அக்கோலத்தில் மூப்பின் பங்கிலும் பார்க்க என்புத் தேய்வின் பங்கே பெரிது. பல்வேரைத் தாங்குவதற்கென அமைந்த தாடை விளிம்பு, வேர் அகன்றதும் தன் தொழிலை இழக்கிறது. தொழிலிழந்த என்பை உடல் படிப்படியாக உறிஞ்சிக்கொள்கிறது. விதியெனக் கருதப்பட்ட இத்தேய்வு நோயெனக் கருதப்படலாயிற்று. அம்மாற்றத்தின் வரலாற்றையே ஈண்டு நோக்க முற்படுகின்றோம்.

செயற்கைப் பல்லைப் பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் பல்லையே பேசின. அதனைத் தாங்கும் என்பைப் பேசவில்லை. பல் விலைக்கு வாங்கக்கூடிய பண்டமாக இருந்தமை இதற்கொரு காரணம் போலும். ஜோர்ஜ் வாஷிங்டனின் கணக்கேட்டில், 1784 இல் கறுப்பின மக்களிடமிருந்து ஒன்பது பற்களை 122 சிலிங்குக்கு வாங்கிய செலவு பதிவாகியுள்ளது. 1815 இல் வோட்டர்லூக் களத்தில் மாண்ட போர்வீரரின் பற்கள் பிடுங்கப்பட்டுச் சந்தைக்கு வந்தன. செல்வரின் வாயை நிரப்ப வறியவரின் வாய் வெறுமையாக்கப்பட்ட காலம் அது.

கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றிக் கடினமாக்கிய இறப்பர் இந்நிலையை மாற்றியது. நெல்சன் குட்இயர் 1851 இல் ஆக்கவுரிமை பெற்ற இப்பொருள், பொன்னாலும் தந்தத்தாலும் செய்யப்பட்ட அடித்தட்டுகளின் இடத்தைப் பிடித்தது. நடுத்தர மக்களுக்கும் கட்டுப்பல் எட்டியது. எனினும் ஆக்கவுரிமையைக் கைக்கொண்ட கம்பனி ஒவ்வொரு பல்வைத்தியரிடமும் கட்டணம் கேட்டது. மறுத்தவர்மீது வழக்குத் தொடுத்தது. அக்கம்பனியின் பொருளாளர் ஜொசையா பேக்கன், வழக்கினால் அலைக்கழிக்கப்பட்ட பல்வைத்தியர் ஒருவரால் 1879 இல் சான்பிரான்சிஸ்கோவில் சுட்டுக்கொல்லப்பட்டார். மலிவுப் பண்டத்திலும் இலாபம் எத்துணை இறுக்கமாகப் பிணைந்திருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவையாவும் நிகழ்ந்தபோதும் அடித்தட்டின் கீழிருந்த என்பு கவனிப்பாரற்றே கிடந்தது. இயற்கைப் பல் மெல்லும்போது அதன் வேரைச் சூழ்ந்த நார்கள் என்பை இழுக்கின்றன. கட்டுப்பல்லோ மேலிருந்து அழுத்துகிறது. மேற்றட்டு அண்ணத்தின் பரப்பில் படிந்து நிற்கும். கீழ்த்தட்டுக்கு இலாட வடிவான ஒடுங்கிய விளிம்பைத் தவிர வேறு தளமில்லை. நாவும் அதனை ஓயாது அசைக்கிறது. என்பு தான் தாங்கும் சுமைக்கேற்ப அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்னும் விதியை யூலியஸ் வொல்ப் 1892 இலேயே பேர்லினில் வெளியிட்டிருந்தார். என்பியல் நூல்களிலிருந்து பல்வைத்தியரின் மேசைக்கு அக்கருத்து முழுமையாக வந்துசேர ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் சென்றன!

1971 இல் டக்ளஸ் அற்வூட், தாடை விளிம்பின் தேய்வை வாயின் முதன்மையான நோய்களுள் ஒன்றென வெளிப்படையாகக் குறிப்பிட்டார். மறு ஆண்டு அன்ரே ரல்கிறென் வெளியிட்ட ஆய்வு, கட்டுப்பல் அணிந்தோரை 25 ஆண்டுக் கால எல்லையில் நோக்கியது. தேய்வு முதலாண்டில் மிக விரைவாக நிகழ்கிறது, பின்னர் மெதுவாயினும் நிற்பதில்லை, கீழ்த்தாடையின் இழப்பு மேற்றாடையினதைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு என்பன அதன் முடிபுகள். விதியென்று பெயரிட்டால் பொறுத்துக்கொள்வதே வழி. நோயென்று பெயரிட்டால் தடுக்கும் கடமை எழுகிறது. எனவே இப்பெயர்மாற்றத்தை வெறும் சொல்லாராய்ச்சியாக நாம் கொள்வதற்கில்லை.

தடுக்கும் வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. சுவீடனின் லுண்ட் நகரில் 1952 இல் முயலின் கால் என்பில் குருதியோட்டத்தை ஆராய்ந்த பெர்-இங்வார் பிறோனமார்க், அதனுட் பொருத்திய தைத்தேனிய உலோகக் கருவியை மீட்க முயன்றபோது அது என்போடு ஒன்றிப்போயிருக்கக் கண்டார். 1965 இல் கொதென்பர்க்கில், முதன்முறையாக ஒரு மனிதரின் கீழ்த்தாடையில் நான்கு தைத்தேனியத் திருகுகளைப் பதித்தார். அவை அம்மனிதர் 2006 இல் இறக்கும்வரை பயன்பட்டன. 1981 இல் வெளியான பதினைந்தாண்டு முடிவுகள், முதலாண்டின் பின் பதியங்களைச் சூழ்ந்த என்பின் இழப்பு சராசரியாக ஆண்டுக்கு 0.1 மில்லிமீற்றர் எனக் காட்டின. அளவிடும் முறைகள் வேறாயினும், கட்டுப்பல் அணிந்தோரின் கீழ்த்தாடை முன்பகுதியில் அற்வூட் கண்ட 0.4 மில்லிமீற்றரோடு இதனை ஒப்புநோக்கலாம். 1982 ஆம் ஆண்டின் ரொறன்ரோ மாநாட்டுக்குப் பின்னரே வட அமெரிக்கா இதனைப் பரவலாக ஏற்றது. இதனிடையே, 1978 முதல் இதன் வணிக உற்பத்தியிற் பங்குகொண்டது பீரங்கி செய்யும் போபோர்ஸ் கம்பனி.

தொடக்ககாலச் சிகிச்சையில் ஐந்தாறு பதியங்கள்மீது நிலையான பல்வரிசை பொருத்தப்பட்டது. அது சிலருக்கே கட்டுபடியானது. முன்புறத்தில் இரு பதியங்களை மட்டும் ஊன்றி, கழற்றக்கூடிய கீழ்த்தட்டை அவற்றிற் கொளுவும் எளிய முறையே இவ்வரலாற்றின் சனநாயகக் கூறு என்பது எம் கருத்து. பற்களற்ற கீழ்த்தாடைக்கு இதுவே முதற்றெரிவாக வேண்டும் என 2002 இல் மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர் அறிவித்தனர்; 2009 இல் பிரித்தானிய நிபுணரும் யோர்க்கில் இதனை வழிமொழிந்தனர். இம்முறை முன்பகுதி என்பைக் காக்கிறது; தட்டு ஈறின்மீதே அமரும் பின்பகுதியில் தேய்வு தொடரக்கூடும்.

ஆயினும் பொதுச் சுகாதாரத் திட்டம் இச்செலவை ஏற்காத இடங்களில், அறிவிப்பு அறிவிப்பாகவே நிற்கிறது. அங்கு பணம் சேர்த்துப் பின்னர் பதியம் வைக்கலாமென எண்ணும் தொழிலாளி, அவ்வாறு காத்திருக்கும் முதலாண்டிலேயே தன் என்பின் பெரும்பங்கான இழப்பைச் சந்தித்துவிடுகிறான்.