ஹைடெர்ஜின்

ஹைடெர்ஜின், முதியோருக்கு வரும் மறதி, மனக்குழப்பம், கவனக்குறைவு, சோர்வு ஆகியவற்றுக்கு நெடுங்காலம் கொடுக்கப்பட்டுவந்த மருந்து. மருந்தியல் நூல்களில் டைஹைட்ரோஎர்கோடாக்சின், எர்கலாய்டு மெசிலேட்டுகள், கோ-டெர்கோக்ரின் என்று பல பெயர்களில் வரும். ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் இயங்கிய சாண்டோஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இது உருவானது.

இதன் மூலப்பொருள் ரை என்னும் தானியக் கதிரைத் தாக்கும் எர்காட் பூஞ்சை. தமிழக உழவர்கள் கம்புப் பயிரில் காணும் தேனொழுகல் நோயும் இதன் பேரினத்தைச் சேர்ந்த வேறொரு பூஞ்சையால் வருவதே. எர்காட் கலந்த மாவில் சுட்ட ரொட்டியைத் தின்றவர்களுக்கு இரத்தக் குழாய்கள் இறுகிக் கைகால்கள் கருகி விழுந்தன. இடைக்கால ஐரோப்பா இதைப் புனித அந்தோணியாரின் நெருப்பு என்று அஞ்சியது. அதே பூஞ்சையைப் பேற்றுவலியைத் தூண்ட மருத்துவச்சிகள் பயன்படுத்தினார்கள்.

எர்காட்டிலிருந்து 1906-இல் பிரித்தெடுக்கப்பட்ட எர்கோடாக்சின் ஒரே பொருள் என்றே வெகுநாள் கருதப்பட்டது. அது எர்கோகிரிஸ்டின், எர்கோகார்னின், எர்கோகிரிப்டின் ஆகிய மூன்றின் கலவை என்பதை சாண்டோஸ் வேதியியலாளர்கள் ஆர்தர் ஸ்டோலும் ஆல்பர்ட் ஹாஃப்மனும் 1943-இல் காட்டினார்கள். எல்.எஸ்.டி. என்னும் மனமயக்கப் பொருளைக் கண்டறிந்தவரும் இந்த ஹாஃப்மன்தான். இம்மூன்றோடும் ஹைட்ரஜன் சேர்த்தபோது குணம் மாறியது: குழாய்களைச் சுருக்கும் வேகமும் கருப்பையை இறுக்கும் வேகமும் தணிந்தன, குழாய்களை இறுக்கும் நரம்புத் தூண்டலைத் தடுக்கும் ஆற்றல் மேலோங்கியது. நஞ்சின் குணத்தைத் திருப்பிப்போட்ட இந்த வேதியியல் வேலை இன்றும் வியப்புக்குரியது.

முதலில் இரத்த அழுத்தத்துக்கும் கைகால்களின் இரத்த ஓட்டக் குறைவுக்கும் கொடுக்கப்பட்ட மருந்து, பிறகு மூளைக்குத் திரும்பியது. மூளைக் குழாய்கள் தடித்து இரத்தம் குறைவதே முதுமை மறதிக்குக் காரணம் என்று அக்காலத்தில் பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினார்கள். குழாயை விரிக்கும் மருந்து அந்த நம்பிக்கையோடு இயல்பாகப் பொருந்தியது. ஆனால் 1960-களின் இறுதியில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிளெஸ்ஸட், டாம்லின்சன், ராத் ஆகிய ஆய்வாளர்கள் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தபோது, மறதிநோயாளிகள் பலரிடம் கண்டது அல்சைமர் நோயின் மாற்றங்களையே. அடிப்படை விளக்கம் தளர்ந்தும் மருந்து விலகவில்லை. மூளைச் செல்களின் வளர்சிதை மாற்றத்தை ஊக்குவிக்கிறது என்ற புதிய விளக்கத்தோடு அது தொடர்ந்தது. நோய்க்காரணம் பற்றிய கருத்து மாறும்போது மருந்தை மறுபடி சோதிக்கவேண்டும். இங்கே அது தாமதமாகவே நடந்தது.

அமெரிக்காவில் வழக்கமான அளவு நாளுக்கு மூன்று முறை 1 மில்லிகிராம். ஐரோப்பாவில் இதைவிடக் கூடுதலாகவும் கொடுத்தார்கள். விழுங்கிய மருந்தில் பெரும்பகுதி இரத்தத்தில் சேர்வதில்லை. சேர்வதிலும் கணிசமான பங்கைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடும். குமட்டல், மூக்கடைப்பு, தலைசுற்றல், நாடித்துடிப்புக் குறைதல் ஆகியவை பக்கவிளைவுகள். மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கொடுக்கக்கூடாது.

அல்சைமர் நோயாளிகளிடம் 24 வாரம் நடந்த சோதனையில் போலி மாத்திரையைவிட இது மேலானதாக இல்லை என்று 1990-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் வெளியிட்டது. 19 சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் ஆய்வில் பொது மதிப்பீட்டு அளவுகோல்களில் முன்னேற்றம் தென்பட்டது. ஆனால் அவற்றில் பல, மறதிநோயை வகைபிரித்து அறியும் முறைகள் சீராகாத காலத்தவை. எனவே உறுதியான பரிந்துரைக்கு அவை போதவில்லை. அல்சைமர் நோய்க்கான மருந்துகளாக 1993-இல் டாக்ரினும் பின்னர் டோனெபெசில் போன்றவையும் வந்தபின் ஹைடெர்ஜினின் இடம் சுருங்கியது.

2013-இல் ஐரோப்பிய மருந்து முகமை எர்காட் வழி மருந்துகள் சிலவற்றை மறு ஆய்வு செய்தது. உறுப்புகளில் தழும்புத் திசு பெருகும் ஆபத்தும், பழைய எர்காட் நச்சுக்கேடு தலைதூக்கும் ஆபத்தும் உண்டு என்று கண்டது. முதியோரின் நினைவுக்குறைவுக்கும் இரத்த ஓட்டக் கோளாறுகளுக்கும் இவற்றைக் கொடுப்பதில் நன்மையைவிட ஆபத்தே மிகுதி என்று முடிவுசெய்து, அப்பயன்பாட்டை நிறுத்தப் பரிந்துரைத்தது. டைஹைட்ரோஎர்கோடாக்சினும் அந்தப் பட்டியலில் இருந்தது.