கைரேகைச் சட்டம் முதல் சான்றுறுதிப் படிவம் வரை

ஊழியர் ஒருவர் தம்மீதுள்ள குற்றவழக்கைப் பணியளிப்பவரிடம் அறிவிக்கக் கடமைப்பட்டவரா என்னும் வினா, புதிய காலத்தின் வினாவாகவே பலருக்கும் தோன்றும். எனினும் அதற்கு நெடிய முன்வரலாறு உண்டு. அதன் ஒரு பகுதி காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரமாகிய இவ்வானம் பார்த்த பூமியோடும் தொடர்புடையது.

1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்திற்கும் நீட்டிக்கப்பட்டது. மக்கள் அதனைக் 'கைரேகைச் சட்டம்' என்றனர். பதிவேட்டில் பெயர் ஏறியவர்கள் ரேகை வைக்கவும், குறித்த வேளையில் காவலர்முன் வருகை தரவும், ஊர் விட்டுச் செல்வதைத் தெரிவிக்கவும் வேண்டியிருந்தது. இதனை எதிர்த்த மக்கள்மீது 3.4.1920 அன்று மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச்சூடு நிகழ்ந்தது. சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் இச்சட்டம் ஒழிந்தது. சீர்மரபினர் பட்டியலில் அப்பநாட்டுக் கொண்டையங்கோட்டை மறவர் பெயருடன் விருதுநகர் மாவட்டமும் குறிக்கப்பட்டிருப்பது அதன் எச்சமாகும். அந்நாளில் தனிமனிதன் தன்னைப் பற்றிக் கூறுவதற்கு ஒன்றுமில்லை. பிறப்பை வைத்து அரசே அனைத்தையும் கூறிவிட்டது.

விடுதலைக்குப் பின் இந்நிலை மாறியது. கூறும் கடமை தனிமனிதனிடம் வந்தது. மத்திய உள்துறை 25.2.1955 அன்று வெளியிட்ட அலுவலகக் குறிப்பாணை, கைதான அரசு ஊழியர் பின்னர்ப் பிணையில் வந்துவிட்டாலும், கைதையும் அதன் சூழலையும் மேலதிகாரிக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்றது. தெரிவிக்கத் தவறினால் அதுவே ஒழுங்கு நடவடிக்கைக்குரிய மறைப்பாகும்.

பணியில் சேரும் முன்னரே நிரப்பும் சான்றுறுதிப் படிவம் இன்னும் கடுமையான களமாயிற்று. கேந்திரிய வித்யாலயாவின் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், வழக்கு நிலுவையில் இருந்தும் 'இல்லை' என்று எழுதினார். தாம் இந்தி வழியில் பயின்றதால் ஆங்கிலப் படிவத்தின் பொருள் விளங்கவில்லை என்றார். அவ்வழக்கைப் பின்னர் அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆயினும் 2003இல் உச்சநீதிமன்றம் அவரது பணிநீக்கத்தைச் செல்லுமென்றது. வழக்கின் தன்மையன்று, மறைத்த செயலே பொருட்டெனக் கொள்ளப்பட்டது. 2011இல் தில்லிக் காவல்துறை வழக்கில் அதே நீதிமன்றம், இளமையில் நேர்ந்த சிறு பிழையை மன்னிக்கும் நோக்கோடு அணுகியது.

இம்முரணைத் தீர்க்க முயன்றது, 21.7.2016 அன்று மூன்று நீதிபதிகள் வழங்கிய அவதார் சிங் தீர்ப்பு. அதன்படி, கூறப்படும் தகவல் உண்மையாக இருத்தல் வேண்டும். ஆனால் கேள்வியும் தெளிவாக, குறிப்பாகக் கேட்கப்பட்டிருக்க வேண்டும்; கேட்காததைச் சொல்லவில்லை என்று தண்டித்தல் கூடாது. வழக்கு இருப்பதே அறியாதவரை மறைத்தவராகக் கருதலாகாது. அற்பமான வழக்காயின் மறைத்ததையும் பொறுக்கலாம். நிரந்தரமான ஊழியரைத் துறை விசாரணையின்றி நீக்கலாகாது. அதேவேளை, உண்மை கூறியவருக்கும் வேலை உறுதியன்று. முன்வரலாற்றை எடைபோடும் உரிமை பணியளிப்பவருக்கு உண்டு.

தமிழ்நாட்டுக் காவல் சார்நிலைப் பணி விதிகளிலோ, சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படலானார். 2008இல் சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வு இதனை ஏற்றது. கண்மாய்த் தகராறோ திருவிழாச் சச்சரவோ எழும்போது முதல் தகவல் அறிக்கையில் பல பெயர்கள் ஒருசேர ஏறுவது கிராமங்களில் புதிதன்று. மழை பொய்க்கும் நிலத்தில் சீருடைப் பணியையே நம்பியிருக்கும் இளைஞனுக்கு அந்த ஒரு வரியின் விலை பெரிது.

இங்கு ஃபிக்ஹு வரலாற்றின் பழைய விவாதமொன்று நினைவுகூரத்தக்கது. சாட்சியின் வெளிப்படையான நன்னடத்தையே போதும். எதிர்த்தரப்பு ஆட்சேபித்தாலும், ஹத்து, கிஸாஸ் வழக்குகளிலும் மட்டுமே அவரைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்றார் இமாம் அபூஹனீஃபா. அவருடைய மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் எல்லா வழக்குகளிலும் விசாரணை தேவை என்றனர். பின்வந்த ஹனஃபி அறிஞர்கள் இவ்வேறுபாட்டைக் காலமாற்றத்தின் விளைவென விளக்கினர். இரு தரப்பிலும் விசாரிக்கும் பொறுப்பு காழியின்மீதே இருந்ததை நாம் கவனிக்க வேண்டும்.

பிறப்பைப் பார்த்து முத்திரையிட்ட சட்டத்தைவிட, செயலைக் குறித்து வினவும் படிவம் மேலானதே. அதற்கு உண்மையான விடை அளிப்பது அமானிதம். ஐயமிருப்பின் வழக்கின் நிலையைக் கேட்டறிந்து எழுதுவதே நம் இளைஞர்க்குக் காப்பு. தெளிவாகக் கேட்பதும் நியாயமாக எடைபோடுவதும் மறுதரப்பின் அமானிதம். ஒன்று தவறினாலும், ஒழிந்த பதிவேடு வேறு வடிவில் திரும்பிவிடும்.