சுக்கான் பிடித்த அடிமை

அடிமைத்தளை அறுந்தால் மட்டும் போதாது, அரசின்முன் சம உரிமையும் வேண்டும் என்பதற்கு அமெரிக்கரான ராபர்ட் ஸ்மால்ஸின் வாழ்வு சான்று.

இவர் 1839-ல் தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்தார். அடிமைமுறையைக் காக்கத் தென் மாநிலங்கள் மூட்டிய உள்நாட்டுப் போரில், 'பிளாண்டர்' என்னும் நீராவிக் கப்பலில் சுக்கான் பிடித்தார். 1862 மே 13 விடியுமுன், வெள்ளை அதிகாரிகள் கரையில் தங்கியிருந்த வேளை, கப்பல் தலைவரின் தொப்பியை அணிந்துகொண்டார். மனைவி மக்களையும் உடனிருந்த அடிமைகளையும் ஏற்றிக்கொண்டு, கோட்டைகளுக்குரிய சைகை ஒலியை எழுப்பி, சார்ல்ஸ்டன் துறைமுகத்தைக் கடந்து, வடபுலக் கடற்படையை அடைந்தார்.

1865-ல் அடிமைமுறை ஒழிந்தது. 1868-ல் மாநில அரசியல் சட்டத்தை வகுத்த அவையில் அமர்ந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி கிடைக்கப் பாடுபட்டார். 1875-ல் நாடாளுமன்ற உறுப்பினருமானார்.

ஆனால் 1895-ல் அதே மாநிலம் புதிய அரசியல் சட்டம் இயற்றி, எழுத்தறிவுச் சோதனை போன்ற சூழ்ச்சிகளால் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்தது. ஸ்மால்ஸ் அவ்வவையில் எழுந்து வாதாடினார், பயனில்லை. 1915-ல் மறைந்தார். அவ்வுரிமை உறுதியாக மீண்டது 1965-ன் வாக்குரிமைச் சட்டத்தால்தான்.

ஒரே இரவில் கப்பலைக் கைப்பற்றியவரால், சட்டம் பறித்ததை வாழ்நாளெல்லாம் மீட்க இயலவில்லை. நம் கையிலுள்ள வாக்குச்சீட்டை அற்பமாக எண்ணாதிருப்போமாக!