செயற்கைக் கருத்தரிப்பில் பிறக்கும் குழந்தைகளின் உடல்நலம்

கருமுட்டையையும் விந்தணுவையும் ஆய்வகத்தில் இணையச் செய்து, அவ்வாறு உருவாகும் கருவைக் கருப்பையினுள் வைப்பது ஐ.வி.எஃப். எனப்படும் செயற்கைக் கருத்தரிப்பு முறையாகும். இம்முறையில் உலகின் முதல் குழந்தையான லூயிஸ் பிரவுன், 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தார். அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் கொல்கத்தாவில் இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது.

பிறக்கும் குழந்தை நலமாக இருக்குமா என்பதே சிகிச்சை பெறும் தம்பதியரின் முதன்மையான கவலை. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறந்து வளர்கின்றனர். சில இடர்கள் மட்டும் சற்றுக் கூடுதலாக உள்ளன. அவற்றுள் பெரியது, தவிர்க்கக் கூடியதும் ஆகும்.

இரட்டைக் கர்ப்பம்

ஒன்றுக்கு மேற்பட்ட கருக்களை வைத்தால் இரட்டையர் அல்லது மூவர் உருவாகும் வாய்ப்பு அதிகரிக்கிறது. ஒரே சிகிச்சையில் இரு குழந்தைகள் கிடைப்பது நன்மை எனச் சிலர் கருதுகின்றனர். ஆனால் இரட்டையரில் ஏறத்தாழப் பாதிப்பேர் 37 வாரங்கள் நிறைவடையும் முன்பே பிறக்கின்றனர். எடைக்குறைவு, மூச்சுத்திணறல், மூளை வளர்ச்சிப் பாதிப்பு ஆகியவை குறைப்பிரசவத்தால் நேரக்கூடும். தாய்க்கு உயர் இரத்த அழுத்தமும் இரத்தப்போக்கும் ஏற்படும் வாய்ப்பும் கூடுகிறது.

ஆகவே, இயலும்போது ஒரே ஒரு கருவை மட்டும் வைப்பது பாதுகாப்பானது. எஞ்சிய கருக்களை உறைநிலையில் சேமித்துப் பின்னர் பயன்படுத்தலாம்.

ஒற்றைக் குழந்தைகளின் நிலை

ஒற்றையாகப் பிறந்தாலும், இயல்பாகக் கருவுற்ற குழந்தைகளைவிட இவர்களிடம் குறைப்பிரசவமும் எடைக்குறைவும் சற்று அதிகம். இதற்குச் சிகிச்சை மட்டுமே காரணமன்று. நார்வேயில் ஒரு குழந்தையை இயல்பாகவும் மற்றொன்றைச் செயற்கைக் கருத்தரிப்பாலும் பெற்ற தாய்மார்களின் குழந்தைகளை ஒப்பிட்டு, 2008-இல் ஓர் ஆய்வு வெளியானது. உடன்பிறந்தோரிடையே பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. குழந்தையின்மைக்கு அடிப்படையான உடல்நிலையும் ஒரு காரணம் என்பதை இது உணர்த்துகிறது.

உறைநிலைக் கருவிலிருந்து பிறக்கும் குழந்தைகளிடம் எடைக்குறைவு குறைவாகக் காணப்படுகிறது. எனினும், அளவுக்கு மிஞ்சிய பிறப்பு எடையும் தாய்க்கு உயர் இரத்த அழுத்தமும் ஏற்படும் வாய்ப்பு சற்று அதிகம்.

பிறவிக் குறைபாடுகள்

தெற்கு ஆஸ்திரேலியாவில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான முடிவுகள் வருமாறு:

- உதவிக் கருத்தரிப்புச் சிகிச்சைகளின் வழியே பிறந்தோரில் 8.3 சதவீதத்தினரிடமும், மற்றவர்களில் 5.8 சதவீதத்தினரிடமும் பிறவிக் குறைபாடு இருந்தது.
- பெற்றோரின் வயது முதலிய காரணிகளைக் கணக்கில் கொண்டபின், வழக்கமான ஐ.வி.எஃப். முறையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.
- ஒரே விந்தணுவை நேரடியாகக் கருமுட்டையினுள் செலுத்தும் இக்ஸி முறையில் வேறுபாடு நீடித்தது.

இக்ஸி முறை, விந்தணுக் குறைபாடு கடுமையாக உள்ளபோது பெரிதும் தேவைப்படுகிறது. அத்தகைய காரணம் இல்லாதபோது, அதன் தேவையை மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று.

வளர்ச்சியும் அறிவுத்திறனும்

ஸ்வீடனில் 1982 முதல் 2007 வரை பிறந்த 25 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளிடம் ஆய்வு நடத்தப்பட்டது. ஐ.வி.எஃப். சிகிச்சையால் ஆட்டிசம் ஒட்டுமொத்தமாக அதிகரிக்கவில்லை. அறிவுத்திறன் குறைபாடு மிகச் சிறிதளவு கூடுதலாக இருந்தது. ஒற்றைக் குழந்தைகளை மட்டும் கணக்கிட்டபோது அவ்வேறுபாடும் குறிப்பிடத்தக்கதாக இல்லை. லூயிஸ் பிரவுன் பின்னாளில் இயல்பாகவே கருவுற்றுத் தாயானார்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

- கருத்தரிப்புக்கு முன்பே ஃபோலிக் அமில மாத்திரையை மருத்துவர் அறிவுரைப்படி உட்கொள்ள வேண்டும். நீரிழிவு, தைராய்டு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கட்டுக்குள் வைக்க வேண்டும்.
- எத்தனை கருக்கள் வைக்கப்படும் என்பதைச் சிகிச்சைக்கு முன்பே கேட்டறிய வேண்டும்.
- ஐந்தாம் மாத ஸ்கேன் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.
- கருத்தரித்த முறையை மகப்பேறு மருத்துவரிடமும் குழந்தை நல மருத்துவரிடமும் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும்.
- 34 வாரங்களுக்கு முன் பிறந்த அல்லது 2 கிலோவுக்குக் குறைவான எடையுள்ள குழந்தைக்கு, பிறந்த 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும். உரிய காலத்தில் கண்டறிந்தால் பார்வையிழப்பைத் தடுக்கலாம்.
- தாய்ப்பால், தடுப்பூசி, வளர்ச்சிக் கண்காணிப்பு ஆகியவை மற்ற குழந்தைகளுக்கு உள்ளவாறே இவர்களுக்கும் பொருந்தும்.

சட்டப் பாதுகாப்பு

2021-ஆம் ஆண்டின் உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி, இம்முறையில் பிறக்கும் குழந்தை, சிகிச்சை பெற்ற தம்பதியரின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும். இயல்பாகப் பிறந்த குழந்தைக்குரிய அனைத்து உரிமைகளும் அதற்கு உண்டு. கருவின் பாலினத்தைத் தேர்ந்தெடுப்பது தண்டனைக்குரிய குற்றமாகும். சிகிச்சைக்குப் பதிவு பெற்ற மையங்களை மட்டுமே அணுக வேண்டும்.