வலிக்காத ஊசி, வெளியேறாத மருந்து

ஸ்கேன் எடுக்கச் செல்பவர்களில் பலருக்குக் கை நரம்பில் ஒரு மருந்தைச் செலுத்துவார்கள். படம் தெளிவாக விழுவதற்காகக் கொடுக்கப்படும் இந்த மருந்துக்கு ‘கான்ட்ராஸ்ட்’ என்று பெயர். இது உடம்புக்குள் என்ன செய்யும் என்று கேட்பவர்கள் குறைவு. எப்போது வெளியே போகும் என்று கேட்பவர்கள் அதைவிடக் குறைவு. இந்த இரண்டாவது கேள்விக்கு உரிய மதிப்பு கொடுக்காததால் ஆயிரக்கணக்கானோர் அவதிப்பட்ட கதை ஒன்று மருத்துவ வரலாற்றில் உண்டு.

1895-ல் ரோண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். எலும்பு தெரிந்தது, இரத்தக் குழாய் தெரியவில்லை. போர்த்துகல் நாட்டு மருத்துவர் எகாஸ் மோனிஸ், மூளையின் இரத்தக் குழாய்களைப் படம் பிடித்தே தீருவது என்று 1927-ல் முனைந்தார். முதலில் ஸ்ட்ரோன்ஷியம் புரோமைடைச் செலுத்திப் பார்த்தார். நோயாளிகளில் ஒருவர் இறந்துபோனார். பிறகு சோடியம் அயோடைடு கைகொடுத்தது. ஆனாலும் அது இரத்தக் குழாயில் ஏறும்போது எரிச்சலும் வலியும் உண்டாயின.

அந்த நேரத்தில்தான் ஜெர்மனியின் ஹெய்டன் நிறுவனத்திடமிருந்து தோரோட்ராஸ்ட் வந்தது. மோனிஸ் 1931-ல் அதற்கு மாறினார். தோரியம் டை ஆக்சைடின் மிக நுண்ணிய துகள்கள் மிதக்கும் திரவம் அது. துகளின் அளவு சில நானோமீட்டர்தான். அதாவது, ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கில் சில மடங்கு. நானோ என்ற சொல் மருத்துவத்தில் புழங்குவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அது நானோ மருந்துதான்.

தோரியம் துகள்களை அப்படியே விட்டால் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். அதனால் அவற்றுக்கு டெக்ஸ்ட்ரின் என்னும் மாவுச்சத்துப் பொருளால் மேல்பூச்சுப் பூசினார்கள். தபால் தலையின் பசைக்குப் பயன்பட்ட அதே டெக்ஸ்ட்ரின்தான். பூசிய துகள்கள் இரத்தத்தில் சீராக மிதந்தன. நோயாளிக்கு வலியில்லை, எரிச்சலில்லை. படமோ பளிச்சென்று விழுந்தது. மருத்துவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் தோரியம் ஒரு கதிரியக்கப் பொருள். மலேசிய வாசகர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. பேராக், புக்கிட் மேரா மக்கள் 1980-களில் ஓர் ஆலையின் கழிவை எதிர்த்து நீதிமன்றம் சென்றார்களே, அந்தக் கழிவில் இருந்ததும் இதுதான். தோரியத்தின் கதிரியக்கம் பாதியாகக் குறைய சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். அது வெளிவிடும் ஆல்ஃபா கதிரை ஒரு தாளே தடுத்துவிடும் என்பது உண்மைதான். அதே துகள் கல்லீரலுக்குள் குடியேறிவிட்டால்?

குடியேறத்தான் செய்தது. இரத்தத்தில் வரும் அந்நியத் தூசியைப் பிடித்து விழுங்குவதற்கென்றே கல்லீரலிலும் மண்ணீரலிலும் சில அணுக்கள் உண்டு. பூச்சு பூசிய தோரியத்தையும் அவை விழுங்கின. தோரியம் கரையவில்லை, சிறுநீரில் போகவுமில்லை. கல்லீரல் படத்தில் வெள்ளையாகத் தெரிவதைக் கண்டு, அதை அந்த மருந்தின் தனிச் சிறப்பாகவே அன்று கருதினார்கள்.

எச்சரிக்கை இல்லாமல் போகவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மருந்துக் குழு 1932-லேயே ஆபத்தைச் சுட்டிக்காட்டியது. இருந்தும் 1950-களின் தொடக்கம் வரை பல நாடுகளில் பயன்பாடு தொடர்ந்தது. ஜப்பானில் போரில் காயமடைந்த வீரர்களுக்கும் செலுத்தினார்கள். அன்றைய மருத்துவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. எதிரில் இருக்கும் நோயாளிக்கு இன்று வலிக்குமா, இன்று உயிர் போகுமா என்பதே அவர்கள் கண்ட கணக்கு. தோரியத்தின் கணக்கோ இருபது, முப்பது ஆண்டு கழித்து முடிவது.

1947-ல், இந்த ஊசிக்குப் பின் வந்த கல்லீரல் புற்றுநோய் பற்றிய அறிக்கை மருத்துவ இதழில் வெளியானது. அதற்குப் பின் ஜெர்மனி, டென்மார்க், போர்த்துகல், ஜப்பான் ஆகிய நாடுகளில் ஊசி போட்டுக்கொண்டவர்களைத் தேடிப்பிடித்துக் கண்காணித்தார்கள். ஜெர்மனியில் மட்டும் 2,300-க்கும் மேற்பட்டவர்கள். கல்லீரல் புற்றுநோயும் இரத்தப் புற்றுநோயும் அவர்களிடையே மிக அதிகம். எப்போதோ ஒருமுறை படம் எடுத்துக்கொண்டதற்காக!

இந்தப் பாடத்துக்குப் பிறகு வந்த நானோ துகள்களில் இரும்பு ஆக்சைடைத் தேர்ந்தெடுத்தார்கள். டெக்ஸ்ட்ரான் என்னும் சர்க்கரைப் பொருளைப் பூசிய ஃபெரிடெக்ஸ், எம்.ஆர்.ஐ. படத்துக்காக 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதையும் கல்லீரலின் அதே அணுக்கள்தான் விழுங்கின. ஆனால் இரும்பு உடம்புக்குத் தெரிந்த பொருள். துகள் மெல்லச் சிதைந்து, அதன் இரும்பு இரத்த அணுக்களின் உற்பத்திக்குப் போய்ச் சேர்ந்தது. சிலருக்கு முதுகுவலி வந்ததால் மெதுவாகவே ஏற்ற வேண்டியிருந்தது. 2008-ல் உற்பத்தி நின்றது.

மேல்பூச்சு கொண்ட இன்னொரு இரும்பு மருந்தான ஃபெரூமோக்சிடால், சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்காக 2009-ல் அங்கே அனுமதிக்கப்பட்டது. மருத்துவர்கள் சிலர் அதை எம்.ஆர்.ஐ. படத்துக்கும் பயன்படுத்தினார்கள். இங்கே ஆபத்து வேறு வகை. கடும் ஒவ்வாமையால் 79 பேர் பாதிக்கப்பட்டு, அவர்களில் 18 பேர் இறந்ததாகப் பதிவாகியிருந்ததால், அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015-ல் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. மருந்தை நீர்க்கச் செய்து, 15 நிமிடங்களுக்குக் குறையாமல் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். ஏற்றிய பின் நோயாளியை அரை மணி நேரமாவது பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களின் எம்.ஆர்.ஐ. படம் மூன்று மாதம் வரை மாறித் தெரியலாம் என்பதால், ஸ்கேன் எடுப்பவரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.