மூங்கிலுக்குள் விளையும் கல்

டில்லியிலோ கான்பூரிலோ உள்ள நாட்டு மருந்துக் கடையில் 'மூங்கிலுப்பு' என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார்; 'பன்சலோசன்' என்றால் உடனே எடுத்துத் தருவார். அது மெய்யான சரக்குதானா என்பது வேறு கேள்வி. பெயர் மாறினும் பொருள் ஒன்றே. மூங்கிலின் கணுக்களுக்கிடையே உறைந்து கிடக்கும் வெண்மையான சிறு துண்டுகளே அவை. சியவனப் பிராசத்திலும் சிதோபலாதி சூரணத்திலும் வைத்தியர்கள் இதனைச் சேர்த்து வருவதை நாம் அறிவோம். அராபியரும் பாரசீகரும் இதற்குத் 'தபாஷீர்' என்று பெயரிட்டு வழங்கினர்.

உப்பு என்கிறோம், ஆனால் நீரில் கரைவதில்லை. அப்படியாயின் இது யாது? 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வினாவை ஐரோப்பிய அறிஞர் முன் வைத்தவர் பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் மருத்துவர். விசாகப்பட்டினத்தில் வாழ்ந்து, கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செடிகொடிகளையும் பாம்புகளையும் ஆராய்ந்தவர். நம் கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் இவருடையதே. ரஸ்ஸல் மூங்கில்களைத் தருவித்துப் பிளந்து பார்த்தார். தாம் கண்டதை 1790-இல் லண்டன் ராயல் சொஸைட்டியின் தலைவருக்கு எழுதினார். மறு ஆண்டே ஜேம்ஸ் மேஸி என்னும் இளம் இரசாயன அறிஞர் அப்பொருளைச் சோதித்தார். நீர் அதனைக் கரைக்கவில்லை, அமிலமும் கரைக்கவில்லை, காரம் கரைத்தது. காரத்துடன் சேர்த்து உலையிலிட்டு உருக்கக் கண்ணாடியாயிற்று. ஆகவே இது மணலுக்கு ஆதாரமான சிலிக்காவே என்று முடிவு கூறினார். லண்டனை அடுத்த இஸ்லிங்டனில், ஒரு கண்ணாடி வீட்டில் வளர்ந்த மூங்கிலுக்குள்ளும் கண்ணாடியைக் கீறும் அளவு கடினமான சிறு கல்லொன்று கிடைத்தது. பாரத மண்ணின் விந்தையன்று, மூங்கிலின் தொழிலே இது என்பது அதனால் புலனாயிற்று. இந்த மேஸிதான் பின்னாளில் ஸ்மித்ஸன் எனப் பெயர் மாற்றிக்கொண்டவர். 1846-இல் வாஷிங்டனில் எழுந்த ஸ்மித்ஸோனியன் நிறுவனம் அவர் விட்டுச் சென்ற செல்வத்தால் அமைந்தது.

மூங்கிலுப்பு கண்ணுக்குப் புலப்படும் கல். புலப்படாத கற்களோ எண்ணிலடங்கா. 1832 ஜனவரியில் கேப் வெர்டி தீவுகளை நெருங்கிய 'பீகிள்' கப்பலில், காற்று கொணர்ந்த பழுப்பு நிறத் தூசியை இளைஞர் டார்வின் ஒரு பொட்டலமாகத் திரட்டினார். பின்னர் அவர் அனுப்பிய ஐந்து பொட்டலங்களைப் பெர்லினில் ஏரன்பெர்க் உருப்பெருக்கியின் கீழ் ஆராய்ந்து, 67 வகை உயிர் வடிவங்களைக் கண்டார். அவற்றுட் பல, தாவரங்களின் சிலிக்காத் துகள்கள். கிரேக்க மொழியில் 'பைட்டோன்' என்றால் செடி, 'லித்தோஸ்' என்றால் கல். அதனால் இவற்றைப் பைட்டோலித் என்பர். நாம் தாவரக்கல் என்று சொல்லலாம்.

மண்ணிலுள்ள சிலிக்கா சிறிதளவு நீரில் கரைந்து வேர் வழியே ஏறுகிறது. இலை வழியாக நீர் ஆவியாகிவிட, சிலிக்கா உயிரணுக்களில் தங்கிக் கெட்டிப்பட்டு, அவற்றின் வடிவையே ஏற்கிறது. நெற்பயிரின் இலை விளிம்பு கையைக் கிழிப்பதும், உமியின் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவாயிருப்பதும் இதனால்தான். மேயும் விலங்குக்கும் குலைநோய்க்கும் எதிராகப் பயிர் பூண்ட கவசம் அது. நெல்லின் வேரில் இதனை உள்வாங்கும் மரபணுவை ஜப்பானிய ஆய்வாளர் 2006-இல் கண்டறிந்தனர்.

இலை மக்கினாலும் கல் மக்குவதில்லை. மகாராஷ்டிரத்தின் பிஸ்துரா என்னும் சிற்றூரில் கிடைத்த, கல்லாய்ச் சமைந்த டைனோசர்ச் சாணத்தில், லக்னோ பீர்பால் சாஹ்னி நிறுவனத்தின் வந்தனா பிரசாத் முதலானோர் புல்லினத் தாவரக்கற்களைக் கண்டு 2005-இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 6½ கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை அவை. டைனோசர் காலத்தில் புல்லே இல்லை என்ற எண்ணம் அன்றோடு மாறிற்று. தமிழ் மரபினர் பலர் வாழும் ரீயூனியன் தீவில், பண்டைய மூங்கிற் காடு விட்டுச் சென்ற சிலிக்கா 15 சென்டிமீட்டர்ப் படிவமாகவே மண்ணில் இருப்பதை 1999-இல் பிரெஞ்சு அறிஞர் விவரித்தனர்.

இங்குதான் இன்றைய வழக்கு எழுகிறது. சிலிக்கா கெட்டிப்படும்போது உயிரணுவின் கரிப்பொருள் சிறிது உள்ளே அகப்பட்டுக்கொள்கிறது. உதிர்ந்த இலையின் கரி மக்கி வானத்துக்குத் திரும்பிவிடும்; கல்லுக்குள் சிறைப்பட்ட கரியோ திரும்பாது. ஆஸ்திரேலியாவின் பார், சல்லிவன் இருவரும் 2005-இல் இதனை வலியுறுத்தினர். ஆயிரம் ஆண்டு மக்கலுக்குப் பின் சில மண்களில் எஞ்சிய கரியில் 82 விழுக்காடு வரை தாவரக்கற்களுக்குள் இருந்ததென்றனர். 2010-இல் மூங்கில் இனங்களையும் ஆராய்ந்து, தக்க இனத்தைத் தேர்ந்து பயிரிட்டால் கரியமில வாயுவை நெடுங்காலம் மண்ணில் அடைத்து வைக்கலாம் என்றனர். உலகு வெப்பமுறும் இக்காலத்தில் இச்சொல் பலர் செவிக்கு இனித்ததில் வியப்பில்லை.

ஆனால், அண்மையில் அறுத்த புல்லின் தாவரக்கற்களைக் கதிரியக்கக் கரி முறையால் காலம் கணித்தபோது ஒரு புதிர் தோன்றிற்று. நேற்று வளர்ந்த புல்லுக்குச் சில ஆயிரம் ஆண்டு வயது வந்தது! மண்ணிலுள்ள பழைய கரியை வேர் உறிஞ்சிக் கல்லுக்குள் சேர்த்திருக்கலாம் என்றார் கலிபோர்னியாவின் குவாசியாரா சாந்தோஸ். 2016-இல் அவர் குழுவினர் இதற்குச் சான்றும் காட்டினர். சோதனையின்போது கற்களைச் சரிவரத் தூய்மை செய்யாததே காரணம் என மறுத்தனர் ஆஸ்திரேலியர். 2017-இல் சாந்தோசும் அலெக்சாந்தரும் அக்கொள்கை மெய்யா புனைவா என்றே தலைப்பிட்டு ஒரு திறனாய்வு வெளியிட்டனர்.

வழக்கின் மையம் எளிது. கல்லுக்குள் இருக்கும் கரி வானத்திலிருந்து வந்ததாயின் அது வரவு. மண்ணிலிருந்தே வந்ததாயின் ஒரு பையிலிருந்து மறு பைக்கு மாறிய பணமே. தீர்ப்பு வருமுன் இக்கணக்கை நம்பித் தோட்டமிடுவது அவசரம் என்பது நம் கருத்து. வீட்டுக்கும் கூடைக்கும் காகிதத்துக்கும் உதவும் மூங்கிலை நடுவதற்கு வேறு காரணங்கள் போதிய அளவு உண்டு.